அட்டாளைச்சேனைக் குசினியில் ஒரு குக்கர்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பஸ் வண்டியில் சன்னலோரத்து ஆசனம் ஒன்று கிடைத்துவிட்டால் அதைவிடப் பெரும்பேறு வேறில்லை. சாய்ந்தமருது போகும், விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு வரும், அதற்கப்பால் நிந்தவூர். களியோடைப் பாலத்தைக் கடந்ததும் ஒருபுறம் வயல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் விரிகிறது. மறுபுறத்தில் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் கடல் இருப்பதைக் காற்றே சொல்லிவிடும். ஒலுவிலும் பாலமுனையும் கழிய, அட்டாளைச்சேனையில் இறங்கலாம். தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறிக் கோத்த மாலைபோல் இக்கரைப் பாதை அமைந்திருப்பதை, மட்டக்களப்பிலிருந்து போகும் என்போன்றோர் ஒவ்வொரு முறையும் புதிதாய்க் காண்பதுபோலக் கண்டு மகிழ்வோம்.

ஊரின் பெயரே தமிழாசிரியனுக்கு ஒரு விருந்து. காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம் சேனை. பயிரை யானையும் பன்றியும் அழித்துவிடாமல் இரவில் விழித்திருந்து காப்பதற்காக மரத்தின்மேல் கட்டிய பரண் அட்டாளை. கோட்டை மதிலின் காவல் மேடையை அட்டாலை என்று நம் நிகண்டுகள் கூறும். அரசனுக்கு மதிலில் இருந்தது, உழவனுக்கு மரத்தில் இருந்தது, அவ்வளவே வேறுபாடு. 1941ஆம் ஆண்டு இங்கு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை தோன்றியபின், பயிரைக் காத்த ஊர் ஆசிரியரை விளைவிக்கும் ஊராயிற்று. பயிற்சி ஆசிரியர்களின் கற்பித்தலை மதிப்பிடும் பணியின் பொருட்டே நானும் மூன்று நாள் அங்குத் தங்க நேர்ந்தது.

என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கினேன். நண்பரின் இல்லம் என்று சொல்வது பிழை. அது அவர் மனைவியின் இல்லம். இக்கரையோரத்தில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் வீடு பெண்ணுக்குரியது. தாய் தன் மகளுக்கு வீட்டைக் கொடுப்பாள். மணமகன் அங்கு வந்து சேர்வான். குடி வழியும் தாய் வழியே. ஆதலால் குசினியும் அங்குள்ள சட்டி, பானை, சுளகு, திருவலை யாவும் தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேத்திக்கும் இறங்குகின்றன. ஆண்மக்கள் அங்கே விருந்தாளிகளே என்று நண்பர் நகைத்தபடி கூறினார்.

முதல் நாள் நண்பகலில், அந்த வீட்டுப் பெரியவரான அவர் மாமியார் சமையலில் ஈடுபட்டிருந்தார். ஊரார் அழைப்பதைப் போலவே நானும் அவரை உம்மா என்றழைத்தேன். கைகழுவச் சென்ற நான் குசினி வாசலிலே நின்றுவிட்டேன். அடுப்பின்மேல் ஒரு பிரஷர் குக்கர் இருந்தது. அது சீறியது. நான் ஓரடி பின்வாங்கினேன்.

"என்ன சேர், அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. இது ஒண்டும் செய்யாது" என்றார் உம்மா.

நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆண்மகன் சமையற் பாத்திரத்துக்கு அஞ்சுவது நகைப்புக்குரியதுதான். ஆனால் அதற்குக் காரணம் உண்டு. நான் சிறுவனாயிருந்தபோது, யுத்த காலத்தில், எங்கள் வீட்டிலே ஒரு குக்கர் இருந்தது. மண்ணெண்ணெய் அரிதாயிருந்த நாளில் அது பெருந்துணை. ஒருமுறை அதன் மூடியிலிருந்த பாதுகாப்பு முளை உருகிப்போயிற்று. கடையில் அசல் முளை இல்லை. அதைப்போலவே தோன்றிய வேறொன்றை வாங்கிப் பொருத்தினோம். சில வாரங்கழித்து ஒரு மாலையில் பெருஞ்சத்தம் கேட்டது. மூடி ஓட்டைப் பிளந்து கூரைமேல் போயிருந்தது. அம்மாவின் இடது முன்கையில் அன்று பட்ட தழும்பு இன்றும் உண்டு. அதன்பின் எங்கள் குசினியில் குக்கர் ஏறியதில்லை. 2022இல் எரிவாயுவுக்காக நாடே வரிசையில் நின்றபோதும், 12.5 கிலோ சிலிண்டரின் விலை ஏப்ரல் மாதத்தில் 4,860 ரூபாவைத் தொட்டபோதும், என் மனைவி எவ்வளவோ வேண்டியும், அம்மா ஒப்பவில்லை. விறகடுப்பின் புகையிலே கண் கசிந்தாலும் கசியட்டும் என்றிருந்துவிட்டார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் நாட்டின் பல பகுதிகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்திருந்தன. அவை அம்மாவின் பக்கத்துச் சாட்சிகளாயின.

இதைக் கேட்டதும் உம்மா அடுப்பை அணைத்தார். ஆவி முற்றும் அடங்கும்வரை பொறுத்திருந்து, மூடியைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். "இந்த விளிம்பில ஒரு வெட்டு இருக்கு, பாருங்க சேர். மேல உள்ள துளை அடைபட்டு ஆவி கூடிப்போனா, வாசர் இந்த வெட்டால பிதுங்கி வெளியால வரும். ஆவி கீழால போயிரும், மூடி பறக்காது. கடைக்காரன் சொன்னப்ப நான் நம்பல்ல. ஒருநாள் பருப்பு நுரை அடைச்சிப் போட்டு. அப்ப என்ட கண்ணாலேயே பார்த்தன்."

மூடியின் விளிம்பில், விரல் நுனி அளவான நீண்ட ஒரு திறப்பு இருந்தது. இத்தனை ஆண்டுகள் குக்கரைக் கண்டு ஒதுங்கிய நான் இதைப் பார்த்ததே இல்லை. உம்மா அறிந்திருந்ததும் அதன் பயனைத்தான். அது வந்த கதையை அவர் அறியார். அக்கதை எனக்கு நூல் வாயிலாகவும் பத்திரிகை வாயிலாகவும் ஓரளவு தெரிந்திருந்தது. உணவுக்குப் பின் திண்ணையிலிருந்து அதைச் சொன்னேன். வாசகர்க்கும் அதைச் சொல்லுதல் நன்று; ஏனெனில் அது தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை.

குக்கரின் மூலம் நம் நாட்டதன்று. டெனிஸ் பப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1679இல் இறுக மூடிய ஒரு கலத்தைச் செய்து, ஆவியை உள்ளே அடைத்து எலும்பையும் மென்மையாக வேகவைத்துக் காட்டினார். 1682இல் இலண்டன் ரோயல் சங்கத்தாருக்கு அதிலே சமைத்து விருந்தும் இட்டார். அழுத்தம் மிகுந்தால் கலம் வெடிக்கும் என்பதை அவரே உணர்ந்து, ஆவி வெளியேறும் பாதுகாப்பு வால்வு ஒன்றையும் அமைத்தார். ஆக, இக்கலம் பிறந்தபோதே அதனைப் பற்றிய அச்சமும் உடன் பிறந்துவிட்டது. தத்துவம் எளிது. திறந்த பானையில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். அதற்குமேல் எவ்வளவு விறகிட்டாலும் வெப்பம் ஏறாது, நீர்தான் வற்றும். ஆவியை அடைத்துச் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் மேலதிக அழுத்தம் கொடுத்தால், நீர் ஏறக்குறைய 121 பாகையில்தான் கொதிக்கும். ஆகவே இறைச்சியும் கடலையும் விரைவில் வேகின்றன, எரிபொருளும் மிஞ்சுகிறது.

இக்கலத்தைத் தென்னாட்டுக் குசினிக்குள் கொண்டுவந்தவர்களுள் முன்னிற்பது டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பம். 1928இல் சென்னையிலே அவர் ஒரு முகவர் நிறுவனத்தை நிறுவினார். பிறநாட்டுக் கம்பெனிகளின் சவர்க்காரம் முதலாய பண்டங்களைத் தென்னிந்தியக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பதே தொழில். 1937இல் அவர் சென்னைச் சட்டசபைக்குள் புகுந்தார். வணிகம் மைந்தர் கைக்குப் போயிற்று. இந்திய அரசியல் சாசனத்தை வரைந்த குழுவில் அவரும் ஓர் அங்கத்தவர். பின்னர் நேருவின் மந்திரிசபையில் வர்த்தகமும் கைத்தொழிலும் பார்த்தார், நிதி மந்திரியானார், முந்திரா விவகாரத்தின் காரணமாக 1958இல் பதவி துறந்தார், மீண்டும் மந்திரியானார். சென்னையில் மௌபரீஸ் சாலை என்றிருந்தது இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குடும்பமோ இறக்குமதிப் பண்டங்களை விற்று வாழ்ந்தது. சுதந்திர இந்தியாவோ இறக்குமதியைக் கட்டுப்படுத்தி உள்நாட்டுக் கைத்தொழிலை வளர்க்க முனைந்தது. அக்கொள்கையை நடத்திய மந்திரிகளுள் குடும்பத் தலைவரும் ஒருவர்! தந்தை தில்லியில் கதவைச் சாத்தினால், சென்னையில் மைந்தர் விற்பதற்கு என்ன எஞ்சும்? விற்கும் பொருளைத் தாமே செய்தல் ஒன்றே வழி. 1955இல் உற்பத்திக்கென ஒரு கம்பெனி பதிவாயிற்று. இங்கிலாந்தின் பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் 1959இல் பெங்களூரில் பிரஷர் குக்கர் செய்யத் தொடங்கினர். அதே ஆண்டில் பம்பாயில் எச். டி. வாசுதேவா என்பவர் ஹோக்கின்ஸ் குக்கரை ஆரம்பித்தார். மூடி பாத்திரத்தின் வாயை வெளியிலிருந்து கவ்வுவது முன்னது. உள்ளிருந்து அடைப்பது பின்னது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு குடும்பத் தொழில்களும் இன்றுவரை போட்டியிடுகின்றன. போட்டியால் நன்மை பெற்றவர்கள் குசினியில் நிற்பவர்களே.

நம் பெண்மணிகள் அதை ஆங்கிலேயர் பயன்படுத்தியவாறே பயன்படுத்தவில்லை. கடிகாரம் பார்த்து நிமிடம் கணக்கிடாமல், சீழ்க்கையை எண்ணினார்கள். சோற்றுக்கு இத்தனை விசில், பருப்புக்கு இத்தனை என்று ஒரு புதிய அளவை முறையே பிறந்தது. எந்தப் பாடநூலும் கற்பிக்காத இக்கணிதம் வீட்டுக்கு வீடு வேறுபடும். இட்டலித் தட்டும் அதற்குள்ளே புகுந்தது.

மந்திரியின் மகன் டி. டி. நரசிம்மனின் காலத்தில் தொழில் பல கிளைகளாக விரிந்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் வூட்வர்ட்ஸ் கிரைப் வாட்டரும் அவர்களுடையதே. வகுப்பறையில் நாம் தொங்கவிடும் வரைபடங்களையுங்கூட அச்சிட்டார்கள். ஆனால் விரிந்ததெல்லாம் விளையவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நிறுவனங்கள் கடனில் மூழ்கின. நரசிம்மனின் மைந்தர்களுள் ஒருவரான ஜெகந்நாதன் சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்து, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பில் இருந்தார். 1972இல் குடும்பம் அவரை அழைத்துக்கொண்டது. ஆய்வறையில் இருக்க விரும்பிய இளைஞன் கடன்காரரின் முன்னால் உட்கார நேர்ந்தது. கடனை அடைக்க ஓராண்டு ஈராண்டு போதவில்லை.

கடனைவிடப் பெரிய இடர் ஒன்று இருந்தது. வடநாட்டில் குக்கர்கள் வெடிப்பதாகச் செய்திகள் வந்தன, விற்பனை சரிந்தது. ஜெகந்நாதன் காரணம் தேடி லக்னோ நகருக்கே போனார். தொழிற்சாலையிலிருந்து வந்த குக்கரில் பிழையில்லை. பாதுகாப்பு முளை என்பது அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தில் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டிய ஒரு சிறு பொருள். ஒருமுறை உருகினால் மாற்ற வேண்டும். மக்கள் கடைக்குப் போனார்கள்; கடையிலோ போலி முளைகள் மலிவாகக் கிடைத்தன. அவை உருகவேண்டிய வேளையில் உருகவில்லை.

இவ்விடத்தில் என் குரல் சற்றுத் தடுமாறிற்று. எங்கள் வீட்டுக் குக்கர் யாருடையது என்பது இங்கே பொருட்டன்று. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. அம்மா இத்தனை ஆண்டுகள் பாத்திரத்தைச் சபித்தார். அப்பாவோ முளை வாங்கிய தம்மையே சபித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

போலி செய்பவன்மேல் வழக்குப் போடலாம். பத்திரிகையில் எச்சரிக்கை விடலாம். வேறொருவராயின் இவற்றோடு நின்றிருப்பார். ஜெகந்நாதன் வேறு விதமாகச் சிந்தித்தார். முளை போலியாயினும், மேலுள்ள துளை அடைபட்டாலும், மூடி பறவாதிருக்க என்ன செய்யலாம்? மூடியின் விளிம்பிலே ஒரு வெட்டு. அழுத்தம் எல்லை கடந்தால் உள்ளே இருக்கும் றப்பர் வளையம் அவ்வெட்டின் வழியே பிதுங்கும். ஆவி கீழ்நோக்கிப் போய்விடும். புதிதாக ஒரு பொருளைச் சேர்க்கவில்லை. இருந்த தகட்டில் ஒரு சிறு பகுதியை அகற்றினார், அவ்வளவே. இல்லாத பொருளுக்குப் போலி செய்ய யாரால் முடியும்? பிற கம்பெனிகளின் மூடிகளிலும் இன்று அவ்வெட்டைக் காணலாம். என் கணிப்பில் அக்குடும்பம் செய்த பண்டங்கள் அனைத்திலும் சிறந்தது இந்த வெற்றிடமே.

குடும்பத் தொழிலின் கதையில் குடும்பத்தின் துயரமும் கலந்திருக்கும். ஜெகந்நாதனின் சகோதரர் ரங்கநாதன் மதுப்பழக்கத்துக்கு ஆளாகி 1979இல் காலமானார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அத்துயரத்தோடு ஒடுங்கிவிடாமல், மறு ஆண்டே சென்னையில் மதுவடிமைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். மறைக்க வேண்டிய மானக்கேடாகக் குடும்பங்கள் கருதிய ஒன்றை, அவர் மருந்து கொடுக்க வேண்டிய நோயாகக் கருதினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இதைச் சொன்னபோது, அதுவரை தலையணைக்கு உறை தைத்துக்கொண்டிருந்த நண்பரின் மனைவி ஊசியை நிறுத்திவிட்டு, "அவதான் பெரிய ஆள்" என்றார். நானும் மறுக்கவில்லை.

ஏனைய செய்திகள் வணிகப் பக்கத்துக்கு உரியவை. 2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மீண்டும் நட்டம் வந்தது. குக்கரையே நம்பியிருந்தவர்கள் அடுப்பு, ஒட்டாத சட்டி, குசினிக்கு வேண்டிய பிற சாதனங்கள் என்று விரிந்து நிமிர்ந்தார்கள். 2016இல் இங்கிலாந்தின் ஹோர்வுட் என்ற பாத்திரக் கம்பெனியை வாங்கினார்கள். தொழில்நுட்பம் தந்த நாட்டுக்கே முதலாளியாகப் போனார்கள் என்று சொல்லலாம். 2022இல் குசினியையே அலுமாரியும் மேடையுமாக ஒருங்கே செய்து பொருத்தும் நிறுவனம் ஒன்றிலும் பங்கு கொண்டார்கள். ஜெகந்நாதன் 2025 அக்டோபரில் மறைந்தார். சில ஆண்டுகளுக்கு முன் நான் சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸிற் சென்றபோது, கிருஷ்ணகிரிக்கு அப்பால் ஓசூரின் தொழிற்பேட்டையைக் கடந்தேன். அக்கம்பெனியின் தலைமைப் பதிவு அலுவலகம் இருப்பது அவ்வூரில்தான். புகைபோக்கிகளும் லொறிகளும் தெரிந்தன. அன்று எனக்கு அதில் யாதொரு சிறப்பும் தோன்றவில்லை.

கதை முடிந்ததும் உம்மா எழுந்து உள்ளே போனார். மாச்சாலின் மூலையிலிருந்து ஒரு பழைய குக்கரின் அடிப்பாத்திரத்தைக் கொண்டுவந்து என்முன் வைத்தார். அதனுள்ளே புளி இருந்தது. அலுமினியம் கறுத்து, ஒருபக்கம் நசுங்கியிருந்தது. அதன் பெயர் மட்டும் தேய்ந்தும் தேயாமல் தெரிந்தது: பிரெஸ்டீஜ்.

1976இல் அவருடைய வாப்பா வைத்தியத்துக்காகத் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிச் சென்னைக்குப் போனாராம். இலங்கையில் இறக்குமதி நெருக்கப்பட்டிருந்த காலம் அது. திரும்பி வரும்போது துணிமணி கொண்டுவருவார் என்று வீட்டார் காத்திருக்க, அவர் இப்பாத்திரத்தைக் கொண்டுவந்தார். ஊரே வந்து பார்த்தது. உம்மாவின் தாய் அதை முதலில் கிணற்றடியில் வைத்துத்தான் எரித்தாராம். வெடித்தாலும் வீடு தப்பும் என்பதற்காக. பின்னர் உம்மாவுக்கு மணம் பேசியபோது வீட்டோடு அதுவும் சீதனமாயிற்று. கடற்கரைப் பக்கத்து அந்த வீடு 2004 டிசம்பர் 26இல் சுனாமியோடு போயிற்று. உயிர்கள் தப்பியதே இறைவன் அருள் என்றார். பல நாள் கழித்து மணலைக் கிளறியபோது இப்பாத்திரம் கிடைத்தது. மூடி கிடைக்கவில்லை. மூடி இருந்திருந்தால் அதில் அவ்வெட்டு உண்டா இல்லையா என்று பார்த்திருப்பேன். அதைக் கடல் எடுத்துக்கொண்டது.

"மூடி இல்லாட்டி இதுக்கு ஒரு வேலையும் இல்ல, சேர். ஆனா எறிய மனசு வரல்ல. இவளுக்குக் குடுப்பன்" என்று பேத்தியைக் காட்டினார். பத்து வயதுச் சிறுமி நாணிக்கொண்டு தூணின் பின்னே மறைந்தாள்.

அந்த மூன்று நாளும் குக்கரில் வெந்தது வீட்டாருக்கான மாட்டிறைச்சி. எனக்கான பருப்பையும் கீரையையும் உம்மா புதிதாக வாங்கிய மண்சட்டிகளில், பின்புறத்து விறகடுப்பில், பொச்சும் கங்குமட்டையும் எரித்துத் தனியே ஆக்கினார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விடைபெறும்போது அச்சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். "அடுத்த முறை வாறப்ப இருக்கும்" என்றார்.

திரும்பும் வழியில் கல்முனைச் சந்தையில் இறங்கி ஒரு குக்கர் வாங்கினேன். கடைக்காரர் காட்டிய ஒவ்வொரு மூடியையும் நான் வெளிச்சத்துக்கு உயர்த்தி விளிம்பைத் தடவிப் பார்த்ததை அவர் ஐயத்தோடு கவனித்தார். மேலதிகமாக ஒரு முளையும் அசலாகப் பெட்டியோடு கேட்டு வாங்கினேன். மட்டக்களப்புக்குப் போகும்வரை அது என் மடியிலேயே இருந்தது.

அம்மா எதுவும் பேசவில்லை. மூடியை வாங்கி, தழும்புள்ள கையாலேயே அந்த வெட்டை இருமுறை தடவினார். "இதால ஆவி போகுமெண்டு யார் சொன்னது?" என்று கேட்டார். அட்டாளைச்சேனையில் ஓர் உம்மா சொன்னார், தம் கண்ணாலேயே கண்டவர் என்றேன். ஓசூரையும் லக்னோவையும் நான் சொல்லவில்லை. அம்மா சிறிது நேரம் யோசித்தார். பின், "முதல்ல நீ அடுப்படியில நில்லு" என்றார்.

கடலையைப் போட்டு அடுப்பை மூட்டி நின்றேன். முதல் விசில் வரும்வரை அம்மா குசினி வாசற்படியைத் தாண்டவில்லை. இரண்டாவதற்கு உள்ளே வந்து, என்னை விலகச் சொல்லி, தீயைக் குறைத்தார்.